சைலன்ஸ் மேடம் கேட்ட இசைத்தட்டுகள்

இசை கேட்டால் மனசு லேசாகும் என்று சொல்கிறவர்கள் யாரும் சைலன்ஸ் மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்து இசை கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன். ஏழு மாதம், சனிக்கிழமை தவறாமல், சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. விஷயம் தெரிந்தவர்கள் காலத்தால் அழியாதவை என்று கொண்டாடும் எத்தனையோ இசைத்தட்டுகளை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். எல்லாவற்றையும் உள்ளங்கை வியர்க்க, நாக்கு வறள, எப்போது முடியும் என்று கேட்டு முடித்தேன்.

எழுபதுகளின் கடைசியில் வேலூரில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சைலன்ஸ் மேடம் எங்கள் ஹாஸ்டல் வார்டன். ஒரு நாளைக்கு அவர் அதிகம் சொல்லும் வார்த்தையையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டோம். சொந்தப் பெயர் ஒன்று கட்டாயம் இருந்திருக்கும். எங்கள் லீவுச் சீட்டுகளில் அதைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறார். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகிய எங்களுக்கு அந்தக் கையெழுத்து மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.

முப்பது வருஷம் வார்டு சிஸ்டராக இருந்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்தவர். உயரம் ஐந்தடிக்கும் குறைவு. ரப்பர் அடி வைத்த வெள்ளை ஷூ போட்டிருப்பார். நடந்தால் சத்தமே வராது. யூகலிப்டஸ் தைலம் வாசனை வந்தால் அவர் பத்தடி தூரத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். ஜலதோஷம் பிடித்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. எங்கள் ஹாஸ்டலில் அவரிடம் அதிகம் மாட்டிக்கொண்டவர்கள் மூக்கடைத்தவர்கள்தான்.

அறுபது பெண்களின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்வது அவருக்கு வெட்டி வேலை. ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார். நான் ‘ஆம்பூர்’. என் அறைத் தோழி கிரேஸ் ‘அணைக்கட்டு ரெண்டு’. அவளுக்கு முந்தின வருஷமே அந்த ஊரிலிருந்து ஒருத்தி வந்துவிட்டாள்.

அவரைக் கண்டு எல்லாரும் பயந்தார்கள். எனக்குக் கூடுதல் பயம் இருந்தது. என் அப்பாவுக்கு ஆம்பூரில் தோல் மண்டியில் வேலை. தோல்களைத் தரம் பார்த்துப் பிரித்து அடுக்குவார். எங்கள் குடும்பத்தில் பஸ் ஏறி வெளியூர் போய்ப் படித்த முதல் பெண் நான். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அப்பா சொன்னது ஒரே வாக்கியம்: “ஏதாச்சும் தப்பு பண்ணிட்டுத் திரும்பி வந்தன்னா, மாதனூர்ல உன் மாமன் பையன் ரெடியா கீறான்.” மாமன் பையனை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒழுங்காகப் படித்தேன்.

அப்படி இருக்கும்போது, எங்கள் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு வெளிநாட்டு டாக்டரும் அவர் மனைவியும் தங்கள் நாட்டுக்கே கிளம்பினார்கள். போகும்போது ஒரு ரெக்கார்ட் பிளேயரையும் இரண்டு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளையும் ஹாஸ்டல் பெண்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மேல்நாட்டுச் சங்கீதம், வடநாட்டுச் சங்கீதம், நம்மூர் வீணை, நாகஸ்வரம் என்று எல்லாம் கலந்து கிடந்தது. டாக்டரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்ட, தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த சாயபு ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த கவாலித் தட்டும் அதில் இருந்தது. நாங்கள் குதித்தோம். பிரின்சிபால் ஒரே வரியில் எங்களை உட்காரவைத்துவிட்டார்: பெண்கள் கேட்கத் தகுந்தது எது, தகாதது எது என்று வார்டன் கேட்டுப் பார்த்து முடிவு செய்வார்.

ரேடியோவில் ஞாயிறு ஆராதனையைத் தவிர வேறெதற்கும் சம்மதிக்காத மனுஷி அவர். ஒரே நாளில் இரண்டு பெட்டியையும் மூடி ஆணி அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“ஒவ்வொண்ணா கேக்கணும். ரெண்டு பக்கமும் கேக்கணும். பேஷண்ட்டைப் பாதி பாத்துட்டு டிஸ்சார்ஜ் பண்ணுவாங்களா? ஏய் ஆம்பூர், உன் கையெழுத்து படிக்கற மாதிரி இருக்குது. நீ வா.”

கையெழுத்து நன்றாக இருந்ததற்காக என் வாழ்க்கையில் நான் வருந்திய ஒரே சமயம் அது.

முதல் சனிக்கிழமை பெரிய வாத்தியக் கோஷ்டி ஒன்றின் தட்டு. மேடம் முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உடுப்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டு கேட்கிறவளுக்கு நாடி ஏறினால் அது ஹாஸ்டலுக்கு ஆகாது என்பது அவருடைய கணக்கு.

“நூத்திப்பத்து,” என்றார். “இந்த ரெக்கார்ட் ஆவாது.”

அடுத்து வீணை வைத்தோம். அதற்கும் நூற்றுப்பத்து. அதற்கும் அடுத்து, சர்ச்சில் பாடுகிற பாட்டுகளே அடங்கிய ஒரு தட்டு. நூற்றுப் பதினெட்டு. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கு எப்பவுமே இப்படியா?”

“தெரியல மேடம்.” அவர் கையைப் பிடித்திருப்பதால்தான் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் எனக்கு ரத்தம் எடுத்து தைராய்டு பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அதற்குப் பிறகு மேடம் நாடி பிடிப்பதை விட்டுவிட்டு வாயால் அபிப்பிராயம் சொல்ல ஆரம்பித்தார். நான் எழுதிக்கொண்டேன். அந்த அபிப்பிராயங்களை எந்தச் சங்கீத விமரிசகரும் எழுதியிருக்க மாட்டார்.

முதல் வாரம் தள்ளிய வாத்தியக் கோஷ்டியைத் திரும்ப வைத்தபோது: “எண்பது பேர் இருப்பாங்களா? ஒருத்தன்கூட டியூட்டிக்கு லேட்டா வரல. நல்ல வார்டு. ஃபிட்.”

ஜாஸ் தட்டு ஒன்றுக்கு: “ஒவ்வொருத்தனும் அவனவன் இஷ்டத்துக்கு எங்கியோ போறான். ஷிஃப்ட் முடியற நேரத்துக்குக் கரெக்டா வந்து கையெழுத்துப் போட்டுடறான். இவங்கள நம்ப முடியாது. ஆனா வேல நடக்குது. ஃபிட்.”

தலைமுடி வளர்த்த நாலு பேர் கத்திய ராக் தட்டுக்கு: “அந்தப் பையனுக்கு வயித்துல இன்னாவோ கோளாறு. காலைல ஒரு இனிமா குடுத்திருந்தா இந்த ரெக்கார்டே வந்திருக்காது.” ஆனாலும் விதிப்படி இரண்டாம் பக்கத்தையும் கேட்டார். அதில் டிரம்ஸ்காரர் பத்து நிமிஷம் தனியாக அடித்தார். மேடம் தலையை ஆட்டினார். “இவன் கை நல்ல கை. மாவுக்கட்டுப் போட அனுப்பலாம்.”

சாயபு கொடுத்த கவாலிக்கு, உருது ஒரு வார்த்தைகூடத் தெரியாமல்: “மூச்சைப் பாரு. நுரையீரல் ரெண்டும் கிளியர்.” மெஷினால் வாசித்த மின்சாரச் சங்கீதத்துக்கு: “இதுக்கு நர்ஸு தேவையில்ல. டெக்னீஷியனைக் கூப்பிடு.” கறுப்பினப் பாட்டியம்மா ஒருவர் பியானோவோடு பாடிய தட்டுக்கு: “இந்தம்மாவுக்கு வலி இருக்குது. எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. இப்படிப்பட்ட பேஷண்ட்டைத்தான் அடிக்கடி போய்ப் பாக்கணும்.” அதைத் திரும்ப ஒரு தடவை வைக்கச் சொன்னார்.

இதெல்லாம் இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு தட்டும் முடிந்ததும் அவர் திரும்பி, “நீ இன்னா நெனைக்கற?” என்பார்.

“நல்லா இருக்குது மேடம்.”

“நல்லா இருக்குதுன்னு கேஸ் ஷீட்ல எழுதுவியா? எங்க நல்லா இருக்குது? எப்போலேர்ந்து நல்லா இருக்குது?”

புல்லாங்குழல் வந்த இடத்தில் நன்றாக இருந்ததாகச் சொல்வேன். அது புல்லாங்குழலே இல்லை என்பார். சனிக்கிழமை வந்தால் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

ஐந்தாம் மாதம்தான் அது நடந்தது. ஒரு ஆண் கிதார் வாசித்துக்கொண்டு ஆங்கிலத்தில் பாடும் பழைய மெட்டுகளின் தட்டு. அட்டையில் ஒரு மரப்பாலம், அவ்வளவுதான். முதல் பாட்டு ஓடியது. இரண்டாம் பாட்டில் நாலு சுரம்கூட ஆகியிருக்காது, மேடம் எழுந்தார். தானே போய் ஊசியைத் தூக்கினார். தட்டை அட்டைக்குள் போட்டு, தன் அறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

“அன்ஃபிட். எழுதிக்கோ.”

“காரணம் மேடம்?”

“சைலன்ஸ்.”

செய்தி ஹாஸ்டல் முழுக்கப் பரவியது. கத்தினவனையே இரண்டு பக்கமும் கேட்ட மேடம் நாலு சுரத்தில் நிறுத்தினார் என்றால் அதில் என்ன கண்றாவி இருக்கும்? கிரேஸ் தூங்கவில்லை. “எப்படியாச்சும் கேட்டே ஆவணும்டி,” என்று என்னைக் குடைந்தாள். கடைசியில், எல்லாரும் சர்ச்சுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் இருவரும் தலைவலி என்று படுத்துக்கொண்டோம். அலமாரிச் சாவி ஆணியில்தான் தொங்கும். அதைத் தொட யாருக்கும் துணிச்சல் இல்லாததால் ஒளித்துவைக்க வேண்டிய அவசியம் அவருக்கு இருந்ததில்லை.

கிரேஸ் வாசலில் காவல். நான் சத்தத்தைக் குறைத்து வைத்து அந்த இரண்டாம் பாட்டைக் கேட்டேன். கண்றாவி எதுவும் இல்லை. ஏதோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று மறுபடி வைத்தேன். அது தொடங்கி ஓடிக்கொண்டிருந்தபோது, பின்கட்டில் ஒரு இருமல்.

“வந்துட்டாங்கடி!” என்று கிரேஸ் ஓடியே போய்விட்டாள்.

நான் ஊசியைத் தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். கிர்ர்ரென்று ஒரு சத்தம். அந்தப் பாட்டு இருந்த இடம் முழுக்க, விரல் நகத்தால் கிழித்ததுபோல ஒரு கோடு. இருமியது சமையல்கார அம்மா.

தட்டை இருந்த இடத்தில் வைத்துப் பூட்டினேன். அதற்குப் பின் வந்த வாரங்களை எப்படிக் கடத்தினேன் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். யூகலிப்டஸ் வாசனை வந்தால் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். ‘ஆம்பூர்’ என்று பஸ் கண்டக்டர் கூவினாலும் திடுக்கிடுவேன். மாதனூர் மாமன் பையன் மாலையோடு நிற்பதுபோல இரண்டு தடவை கனவு வந்தது. நான்கு கிலோ இளைத்தேன். மறுபடி தைராய்டு பார்த்தார்கள்.

ஏழாம் மாதம் பெட்டிகள் காலியாகின. மேடம் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

“ஒண்ணு பாக்கி,” என்றார். “ரெண்டு பக்கமும் கேக்காம முடிவு பண்ணக் கூடாதுன்னு ரூல் போட்டது நான். நானே மீறிட்டேன். போய் எடுத்துனு வா.”

எடுத்துக்கொண்டு வந்தேன். கை நடுங்கியதில் தட்டைப் பொருத்தவே மூன்று தடவை ஆயிற்று. முதல் பாட்டு ஓடியது. மேடம் நாற்காலிக் கையை இறுகப் பிடித்திருந்தார். என்மேல் கோபம் என்றே எனக்குத் தோன்றியது. இரண்டாம் பாட்டு தொடங்கியது, இரண்டே வார்த்தை. ஊசி டக்கென்று தாவி, வழுக்கிக்கொண்டு போய் மூன்றாம் பாட்டில் விழுந்தது.

“நான்தான் மேடம்,” என்றேன். அழுகையில் பாதி வார்த்தை வெளியே வரவில்லை. “நீங்க சர்ச்சுக்குப் போனப்ப எடுத்து வெச்சேன். கை தவறிப்போச்சு. கிரேஸுக்கு ஒண்ணும் தெரியாது மேடம்.”

“அணைக்கட்டு ரெண்டு வாசல்ல காவல் இருந்திருப்பா. அத அப்பறம் பாத்துக்கறேன். நிறுத்து அத.”

நிறுத்தினேன்.

“ஸ்க்ராட்ச் ஆவறதுக்கு முன்னாடி அந்தப் பாட்ட முழுசா கேட்டியா?”

“ஒரு தடவ முழுசா கேட்டேன் மேடம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எங்கூட ட்ரெயினிங்ல ஒருத்தி இருந்தா. ரூம்மேட்டு. டி.பி. வார்டுல டியூட்டி பாத்து, அவளுக்கே வந்துடுச்சி. அப்பல்லாம் அதுக்கு மருந்து ஏது? வராண்டாவுல கட்டில் போட்டு வெச்சிருந்தாங்க. பக்கத்துல ஒரு கிராமபோன். தெனமும் சாயங்காலம் அவளுக்கு இந்த ஒரு பாட்டுதான் வேணும். நான் போய் சாவி குடுத்து வெப்பேன். கடைசி நாளு பாதியிலேயே நிறுத்த வேண்டியதாப்போச்சு. அதுக்கப்பறம் எங்க கேட்டாலும் எழுந்து போய்டுவேன். பயம்.”

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அது எங்களுக்கு மட்டும் உரிய சொல் என்று நினைத்திருந்தேன்.

“கடைசில எப்படி முடியும்னே மறந்துபோச்சு,” என்றார். “நீ சொல்லு. எப்படி இருந்துது?”

ஏழு மாதத்தில் முதல் தடவையாக, அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்று யோசிக்காமல் பதில் சொன்னேன்.

“ஆரம்பத்துல ரொம்ப பேஜாரா இருக்கும் மேடம். யாரையோ வழியனுப்பிட்டு நிக்கற மாதிரி. ஆனா போகப் போக அந்தாளு அழுவல. குரல் கம்மியாயிடுது. அப்பறம் கிதார் மட்டும் கொஞ்ச தூரம் தனியா போவுது. யாரோ மெதுவா நடந்து வீட்டுக்குப் போற மாதிரி. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல மேடம்.”

எங்கே, எப்போதிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.

“எழுதிக்கோ. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. ஃபிட்.”

நோட்டை மூடிய கையோடு நான் என் பெட்டியைக் கட்டப் புறப்பட்டேன். “எங்க போற?” என்றார். “ஊசியைப் புடிக்கவே கை நடுங்குது, நீ நாளைக்கு பேஷண்ட்டுக்கு எப்படி ஊசி போடுவ?” நானும் கிரேஸும் ஒரு மாதம், தினமும் ஆளுக்குப் பத்து சாத்துக்குடிக்கு ஊசி போட்டுப் பழகவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த மாதம் ஹாஸ்டலில் பழம் சாப்பிட்டவர்களெல்லாம் பச்சைத் தண்ணீரைத்தான் உறிஞ்சினார்கள்.

என் படிப்பு முடிவதற்கு இரண்டு மாதம் முன்பு அவர் ஓய்வு பெற்று, விரிஞ்சிபுரம் பக்கம் தங்கை வீட்டோடு இருக்கக் கிளம்பினார். காலையில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. அறுபது பேரும் வரிசையாக நின்றோம். ஒவ்வொருத்தி காலரையும் நகத்தையும் பார்த்துக்கொண்டே போய், ஏறி உட்கார்ந்தார். அவருக்கு எதிரில் அழுவதற்கு எங்களில் ஒருத்திக்கும் தைரியம் இல்லை. ரிக்‌ஷா தெருமுனை திரும்புகிறவரை பொறுத்திருந்துதான் அழுதோம்.