ஓரிக்கை முதல் உத்திரமேரூர் வரை குலுங்காமல்

உத்திரமேரூர்,
2.2.2004

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் எபினேசர் அவர்களுக்கு,

உங்கள் தங்கை வீட்டுக்காரன் சாம்சன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும், ஓரிக்கையில் அத்தை பாக்கியமேரி அம்மாளும், உங்கள் தங்கை சுகிர்தாவும், மூன்று மாதப் பாப்பாவும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. மஸ்கட்டில் உங்கள் சுகத்துக்காகவும், நீங்கள் வேலை பார்க்கும் கார் ஒர்க்‌ஷாப்பின் சுகத்துக்காகவும் ஜெபிக்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்கு எதற்கு ஜெபம் என்று கேட்பீர்கள். விஷயமே அதுதான், சொல்லுகிறேன்.

வருகிற 22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் பாப்பாவுக்கு ஞானஸ்நானம். அன்றைக்குத் தாயும் பிள்ளையும் ஓரிக்கையிலிருந்து முதல் முறையாக நம் வீட்டுக்கு வருகிறார்கள். நான் காரில் அழைத்து வருவேன் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் தங்கையோ, அந்தக் காரில் என் பிள்ளையை ஏற்ற மாட்டேன், பஸ்ஸில்தான் வருவேன் என்று அத்தை தலைமேல் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். எங்கள் தெருவுக்குள் கார் வந்தால் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தத் தெருவில் சொந்தமாகக் கார் வைத்திருக்கும் ஒரே ஆளின் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினால் என் கதி என்ன, யோசித்துப் பாருங்கள். அதற்குப் பதில் நான் சந்தோஷமாகச் சாகலாம்.

அவள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி மகன் ஆசை தீர ஓட்டிவிட்டு அலுத்துப்போய் விற்ற வண்டி இது. சிவப்பு நிறம், இரண்டே சீட்டு, உட்கார்ந்தால் ரோட்டோரத்து ஆட்டின் முகம் நம் முகத்துக்கு நேராக இருக்கும். ரேஸுக்குச் செய்த வண்டியைத் தினம் லேபுக்கு ஓட்டுகிறவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஏழாம் மாதம் வளையல் போட்டு சுகிர்தாவைத் தாய்வீட்டுக்கு இதில்தான் அழைத்துப்போனேன். நம்மூரிலிருந்து ஓரிக்கை வரைக்கும் பதினேழு வேகத்தடை. அதில் அரசாங்கம் போட்டது நாலுதான், மற்றதெல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள் ஆத்திரத்தில் போட்டது. ஒன்பதாவது தடையில் முன்சக்கரம் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் இந்தப் பக்கம் நின்றுவிட்டது, வண்டி வயிறு மேட்டில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றது. டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து, பிள்ளைத்தாய்ச்சி இறங்க வேண்டாம் என்று சொல்லி, அவளை உள்ளே வைத்தபடியே காரைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். இறங்கி அவர்களுக்கு நன்றி சொன்னாள், எனக்கு ஒன்றும் சொல்லாமல் பின்னால் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். பத்து வளையலும் அந்தப் பஸ்ஸிலேயே போயின.

அன்றைக்கே ஸ்பிரிங்கை மாற்றுவது என்று முடிவு செய்தேன். நம்ம பெருமாளைத் தெரியுமல்லவா, பஸ் ஸ்டாண்டு பின்னால் டிராக்டர் ரிப்பேர் செய்கிறவர். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, இதற்குச் சரக்கு வேன் ஸ்பிரிங்தான் சரி, வேகத்தடை என்ன, வரப்பையே தாண்டும் என்றார். போட்டார். கார் முக்கால் முழம் உயர்ந்து, ஏரியில் இறங்கப் புடவையைத் தூக்கிப் பிடித்த மாதிரி நின்றது. தடையில் தட்டவில்லை, உண்மைதான். ஆனால் அது சரக்கு ஏற்றினால்தான் அமுங்குகிற ஸ்பிரிங்காம், நான் ஒருத்தன் உட்கார்ந்தால் அதற்குத் தெரியவே இல்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் தலை கூரையில் இடித்தது. என் தலையாவது பரவாயில்லை. நம்மூரில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து, பரிசோதனைக்குத் தினம் காஞ்சிபுரம் பெரிய லேபுக்குக் கொண்டுபோகிறவன் நான். ரத்தம் அளவுக்கு மேல் குலுங்கினால் சிவப்பணு உடைந்து உள்ளே இருக்கிற பொட்டாசியம் வெளியே வந்துவிடும். ஒரு வாரம் பார்த்துவிட்டு அங்கிருந்து போன் செய்தார்கள், உத்திரமேரூர்க்காரர்கள் எல்லாருக்கும் பொட்டாசியம் ஏறியிருக்கிறதே, குடிதண்ணீரில் ஏதாவது கோளாறா என்று. நான் இருபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போய், கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு, அதே கையில் மறுபடியும் ஊசி குத்தினேன். பெருமாளிடம் போய்ச் சொன்னதற்கு, டிக்கியில் இரண்டு மூட்டை யூரியா போட்டுக்கொண்டு ஓட்டுங்கள் சார், சாந்தமாகிவிடும் என்றார். மச்சான், நான் போட்டேன். ஒரு மாதம் யூரியா வாடையோடு ரத்தம் கொண்டுபோனேன்.

இனி உள்ளூர் வைத்தியம் வேண்டாம் என்று சென்னைக்குப் போனேன். ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்கிற ஒருவரை விசாரித்துக் கண்டுபிடித்தேன். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை, அதைப் பார்த்தே நான் மயங்கிவிட்டேன். வண்டியை எங்கே ஓட்டுவீர்கள் என்று கேட்டார். உத்திரமேரூர் என்றேன். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்த டிராக்ல நான் ஓட்டினதில்ல சார்" என்றார். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் வண்டியை முதலில் இருந்த உயரத்துக்கும் ஒரு அங்குலம் கீழே இறக்கி, மேலே ஒன்று முதல் பன்னிரண்டு வரை திருகி வைக்கிற ஷாக் அப்சர் நாலு போட்டு அனுப்பினார். இறுக்கமாக வேண்டுமா வலது பக்கம் திருகு, மெத்தென்று வேண்டுமா இடது பக்கம் திருகு. வளைவில் வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகும் என்றார். ஒட்டிக்கொண்டுதான் போயிற்று.

பொங்கல் கழிந்த வாரம். நம் பக்கத்தில் கொள்ளு அறுத்தால் களத்துக்கு யார் கொண்டுபோகிறார்கள், செடியோடு ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டி ஏறி மிதித்துக் கொடுக்கும். சாயங்காலம் தூற்றி எடுத்துக்கொள்வார்கள். அன்றைக்கு வழியில் வயல் வேலை செய்கிற செங்கேணியம்மாவும் பவளமும், கூலிக்குப் பதில் பங்குக்கு அறுத்த கொள்ளுச் செடியை ரோட்டில் பரப்பியிருந்தார்கள். நான் மரியாதைக்கு ஒதுங்காமல் நேராக அதன் மேலேயே விட்டேன், மிதித்துக் கொடுக்கிற புண்ணியம் நமக்கும் வரட்டும் என்று. பின்னால் யாரோ கத்துகிற மாதிரி இருந்தது, வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக் கையாட்டிவிட்டு வந்தேன். ஓரிக்கையில் அத்தை வீட்டு வாசலில் நிறுத்தினால் வண்டிக்கு அடியிலிருந்து புகை. அத்தை ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து காருக்கு ஊற்றினார்கள், பாதி எனக்கு. குனிந்து பார்த்தால் கால் ஏக்கர் கொள்ளு அத்தனையும் வயிற்றில் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. அரை மணி நேரத்தில் செங்கேணியம்மா பஸ் பிடித்து, கையில் சாக்கோடு வந்து இறங்கிவிட்டது. திட்டும் என்று பார்த்தேன், திட்டவில்லை. வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னது:

"இன்னா சார் வண்டி இது. மெறிக்கவும் மாட்டேங்குது, வுட்டுட்டும் போவ மாட்டேங்குது, மொத்தமா வாரிக்கினு பூடுது."

உங்கள் தங்கை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சிரித்து முடித்ததும், "பார்த்தீங்க இல்ல, இதுலயா என் புள்ளைய ஏத்தச் சொல்றீங்க" என்று உள்ளே போய்விட்டாள். நானும் செங்கேணியம்மாவும் இருட்டும் வரை காருக்கு அடியில் படுத்துக் கொள்ளு பிடுங்கினோம்.

அதற்கப்புறம் நானே ஆராய்ச்சியில் இறங்கினேன். பாப்பா எடை ஐந்தரைக் கிலோ. சந்தையில் அதே எடைக்கு ஒரு பூசணிக்காய் வாங்கி, துண்டில் சுற்றி, பக்கத்து சீட்டில் வைத்து, ஒவ்வொரு திருகாகக் குறைத்துக்கொண்டே தினமும் ஓட்டிப் பார்க்கிறேன். பன்னிரண்டில் வைத்தால் காய் கூரைக்குப் போகிறது. ஒன்றில் வைத்தால் வண்டி படகாட்டம் ஆடுகிறது, காய்க்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் வாந்தி வந்தது. சாம்சன் தினமும் துணி சுற்றிய பூசணிக்காயோடு பேசிக்கொண்டு போகிறான், செய்வினை எடுக்கிறான் என்று ஊரில் பேச்சு கிளம்பி, கோயில் உபதேசியார் வீட்டுக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனார். பேசிக்கொண்டு போனது உண்மைதான். இன்னும் கொஞ்ச தூரம்தான் கண்ணு, வந்துட்டோம் என்று ஒருநாள் என்னை அறியாமல் சொல்லியிருக்கிறேன்.

ஆராய்ச்சியின் முடிவு இதுதான். வேன் ஸ்பிரிங் அளவு உயரம் வேண்டும், ஆனால் கடினம் கூடாது. ரேஸ் ஷாக் அப்சர் வேண்டாம், வயசானவர்கள் ஓட்டுகிற பெரிய காரில் இருக்குமே, அந்த மெத்தென்ற ஜாதி வேண்டும். அளவெல்லாம் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் ஒர்க்‌ஷாப்பில் அப்படி ஒரு செட் கிடைத்தால், 18ஆம் தேதி லீவில் வருகிற உங்கள் நண்பர் கையில் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள். கனமாக இருக்கும், தெரியும். நான் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டிலேயே வந்து காத்திருந்து வாங்கிக்கொள்கிறேன். மச்சான், இது வீம்பு என்று அத்தை சொல்கிறார்கள். கொஞ்சம் வீம்புதான். ஆனால் என் மகள் முதல் முறை ஊருக்குள் வரும்போது, அப்பன் ஓட்டுகிற வண்டியில் வரட்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது. வேறு யாரிடம் கேட்பேன்.

தங்கள் உடம்புக்கும் ஓவர்டைமுக்கும் குறைவில்லாமல் ஆண்டவர் காக்கட்டும். வெயிலில் தொப்பி போட்டுக்கொள்ளச் சொல்லி அத்தை எழுதச் சொன்னார்கள். பாப்பா தன் மாமாவுக்கு முத்தம் சொன்னது, அதாவது சுகிர்தா சொன்னாள்.

இப்படிக்கு,
இடுப்பில் தைலத்தோடு,
தங்கள் அன்பு மைத்துனன்,
சாம்சன்

பி.கு.: இன்று 5ஆம் தேதி வியாழன். வெளிநாட்டுத் தபால்தலை வாங்க நேரமில்லாமல் கடிதம் மூன்று நாளாகச் சட்டைப்பையிலேயே இருந்தது, நல்லதாகப் போயிற்று. எதுவும் அனுப்ப வேண்டாம். நான் எழுதி வைத்திருந்த அளவைப் பார்த்த பெருமாள், செவ்வாய்க்கிழமை சென்னையில் பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டைக்குப் போய் அதே மாதிரி ஒரு பழைய செட் கொண்டுவந்து மாட்டிவிட்டார். பதினேழு தடையிலும் பூசணிக்காய் அசையவில்லை. நேற்று ஓரிக்கைக்குப் போய்க் கெஞ்சியதில், பாலாறு தாண்டி ஒரு மூன்று மைல் மட்டும் என்று சுகிர்தா பாப்பாவோடு ஏறினாள். மச்சான், வீட்டு வாசலில் அழ ஆரம்பித்த பிள்ளை பாலம் முடிந்தும் நிறுத்தவில்லை. வேகத்தடை வந்தது, வண்டி வெண்ணெய் மாதிரி ஏறி இறங்கிற்று, பிள்ளை இன்னும் வீறிட்டது. அப்போதுதான் உங்கள் தங்கை சொன்னாள், தடுப்பூசிக்குப் போக வரப் பஸ்ஸிலேயே பழகிவிட்டதாம், தூக்கித் தூக்கிப் போட்டால்தான் தூங்குமாம், குலுங்காவிட்டால் பயப்படுகிறதாம். காரை டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு, ஓரிக்கைக்குத் திரும்புகிற பஸ்ஸில் மூவரும் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்தோம். முதல் தடையில் நாங்கள் மூவரும் ஒரு சாண் எழும்பி விழுந்தோம். பாப்பா என் மார்பிலேயே தூங்கிப்போயிற்று. சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். 22ஆம் தேதி இதே பஸ்ஸில்தான் வருகிறோம், தெரு முழுக்கப் பார்க்கட்டும். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டருக்கு என்னைத் தெரியும். "இன்னா சார், காரு இன்னாச்சு?" என்று கேட்டார். ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். பொய்தான், ஆண்டவர் மன்னிக்கட்டும். கார் இவ்வளவு நன்றாக இதுவரை இருந்ததே இல்லை.