பொங்கல் பார்சலில் போன அப்பா

வாசகரே, தீர்ப்புச் சொல்வது பிறகு இருக்கட்டும். முதலில் சாட்சியாக வந்து நில்லுங்கள். அறுபதுகளில் திருப்பூரில், பேச்சுப் போட்டிக் கோப்பைகளை அள்ளிக்கொண்டு வந்த கல்லூரி மாணவன் ஒருவன் இருந்தான். அவன் நானே. குடிக்கத் தண்ணீர் கேட்பதென்றாலும் அவையை வணங்கிவிட்டுத்தான் கேட்பேன். (கேட்டு முடிப்பதற்குள் அம்மா சொம்பை வைத்துவிட்டுப் போயிருப்பாள்.)

அந்த மார்கழியில் நான் வென்ற போட்டியின் தலைப்பு, 'மாலை யாருக்கு?' என்பது. உயிரோடு இருப்பவருக்கு ஒரு பூவும் வைக்காத நாம், செத்தபின் அவர் படத்துக்கு முழம் முழமாகச் சூட்டுவது என்ன நியாயம் என்று முழங்கினேன். கைதட்டல் என்னைக் கெடுத்தது. சொன்னதைச் செய்து காட்ட ஓர் ஆள் தேவைப்பட்டார், அப்பா கிடைத்தார்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அக்கா சரசு பம்பாயில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி பொங்கலுக்கு வர முடியாதென்பதால், பொங்கல் பார்சலாகப் புறப்பட்டது. அம்மா முறுக்கும் கச்சாயமும் டப்பாவில் அடைத்தாள். அப்பா மாப்பிள்ளைக்கு வெள்ளைப் பனியன்கள் கொண்டுவந்தார். அனைத்தையும் காடாத்துணியில் பொதிந்து, தைத்து, அரக்கு வைப்பது என் பொறுப்பு. யாரும் பார்க்காதபோது, அப்பாவின் ஸ்டுடியோ படத்துக்குச் சட்டம் போட்டு, பளபளக்கும் சரிகை மாலை சூட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இட்டு, பனியன்களுக்கு நடுவே படுக்க வைத்தேன். கரும்பும் சூரியனும் அச்சிட்ட வாழ்த்து அட்டையில் என் கைப்பட எழுதினேன்: "அன்பு அக்கா, அப்பா இனி என்றென்றும் உன் இல்லச் சுவரிலிருந்து உங்களைக் காத்தருள்வார்."

படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது.

போகிக்கு முந்தைய நாள் பம்பாயிலிருந்து தந்தி: "புறப்பட்டோம்."

"என் எழுத்தின் வலிமையைக் கண்டீர்களா?" என்றேன்.

"மாசமா இருக்கறவ எதுக்குடா இத்தன தூரம் வாறா?" என்றாள் அம்மா.

போகியன்று கம்பெனிகளுக்கு விடுமுறை. மெஷின் சத்தம் நின்றுபோன திருப்பூரில் நம் மூச்சு நமக்கே கேட்கும். அந்த நிசப்தத்தில், மச்சானைப் பெற்றவர்கள் உடுமலையிலிருந்து உறவினரோடு வந்து எங்கள் வாசலுக்கு எதிரே நின்றார்கள். எவர் காலிலும் செருப்பில்லை.

"வாங்க, வாங்க! ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க?" என்றாள் அம்மா.

பதில் இல்லை. இழவு வீட்டில்தான் 'வாங்க' என்று சொல்வதும் இல்லை, அதற்குப் பதிலும் இல்லை. சம்பந்தியம்மாள் நெருங்கி வந்து, அம்மாவின் குங்குமத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு அவளைக் கட்டிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து ஓலமிட்டாள். சம்பந்தியின் கையில் மடிப்புக் கலையாத கோடித்துணி. யார் மேல் போர்த்த?

அப்போது புழக்கடையில் குளித்து முடித்த அப்பா, ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக, சத்தமின்றி வந்து நின்றார்.

ஓலம் பாதியில் அறுந்தது.

"சம்பந்தி..." வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "நீங்க... இருக்கறீங்களா?"

"இப்பத்தானுங்க குளிச்சுட்டு வாரனுங்க." அப்பாவின் பார்வை கோடித்துணியில் விழுந்தது. "அது யாருக்குங்க?"

மச்சான் தம் பெற்றோருக்கும் தந்தி கொடுத்திருந்தார்: மாமனார் காலமானார். சட்டம் போட்ட படம், மாலை, பொட்டு என்று நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்ததும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பாவி! வகுத்துப் புள்ளக்காரி ரயில்ல அழுதுட்டே வருவாளேடா! அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

ஓடும் ரயிலுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. அப்பாவைத் திடீரென்று கண்டால் அக்காவுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் என்ன ஆகுமோ! எனவே அப்பா வீட்டிலேயே இருப்பது, நான் ஸ்டேஷனில் பக்குவமாக எடுத்துச் சொல்வது என்று முடிவாயிற்று.

"பேசறதுக்குத்தானே பொறந்திருக்கறே, போய்ப் பேசு," என்றார் அப்பா.

மறுநாள் விடிகாலை, பனிக்குள்ளிருந்து வண்டி வந்து நின்றது. மச்சான் பெட்டிகளை இறக்க, அக்கா தலைவிரிகோலமாக இறங்கினாள். நான் வாயைத் திறந்தேன். கோப்பைகள் வென்ற அந்த வாயிலிருந்து காற்று மட்டுமே வந்தது. அவளோ என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். அவள் முகம் வெளுத்து, பிறகு விசித்திரமாக அமைதியடைந்தது.

"திரும்பாதே கண்ணு," என்றாள் தாழ்ந்த குரலில். "அப்பா வந்திருக்கறாரு. என்னயப் பாக்காம போக மனசில்லாம நிக்கறாரு."

(அப்பா உயிரோடிருப்பதை அறிந்த நானும் அந்தக் கணத்தில் அவளை நம்பினேன்.) திரும்பினேன். என்ஜின் புகைக்கும் பனிக்கும் நடுவே, வெள்ளை வேட்டியும் வெள்ளைப் பனியனுமாக ஓர் உருவம். முழங்காலுக்குக் கீழே வெறும் பனி.

"சரசு, ஏதாச்சும் சாப்பிட்டயா சாமி?" என்றது உருவம். மகளைக் காணும்வரை வீட்டில் இருப்புக்கொள்ளாமல் என் பின்னாலேயே வந்திருக்கிறார்!

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், அவருடைய முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. வேட்டியை உயர்த்தி ஓரடி முன்னே வைத்தார்.

"ரெண்டு காலும் இருக்குது பாரு. வேணும்னா தொட்டுப் பாரு கண்ணு."

தொட்டுப் பார்த்தாள். அழுதாள், சிரித்தாள், அப்புறம் திரும்பி வந்து என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள்.

அக்காவின் பெண், என் மருமகள், சுகமாகவே பிறந்தாள். அப்பா இருந்தவரை, பம்பாயிலிருந்து வந்த ஒவ்வொரு பொங்கல் வாழ்த்திலும் அக்காவின் முதல் வரி ஒன்றுதான்: "அப்பாவுக்குக் கால் இருக்கிறதா?"

அறை வாங்கிய கன்னத்தைப் பிடித்தபடி, அன்று ஸ்டேஷனில் போர்ட்டர்கள் கேட்க நான் செய்த சத்தியம்தான் என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு:

"இனிமே பார்சலை அம்மாவே தைக்கட்டுங்க்கா. நான் ஸ்டாம்பு மட்டும் ஒட்டறேன்."