சடையப்பரின் கம்ப்யூட்டருக்கு வந்த காய்ச்சல்

ஒரு காட்டில் சடையப்பர் என்றொரு கரடி இருந்தது. 'இருந்தது' என்றால் அவருக்குக் கோபம் வரும், இருந்தார். எதை வாங்கினாலும் அதற்கு ஓர் உறை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை, ஃபிரிட்ஜுக்குப் பூப்போட்ட துணி. புதிதாக வந்த கம்ப்யூட்டர் பெட்டிக்கு மட்டும் விசேஷ மரியாதை: அவர் மனைவி கையாலேயே தைத்த, பஞ்சு வைத்த கனத்த உறை.

அந்தக் கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் ஆமையே கொட்டாவி விடும்படி மெதுவாகும். பிறகு பட்டென்று அணைந்துவிடும். தலைபோகிற அவசரமோ மகள் வடிவுக்கு. கம்ப்யூட்டர் ரிப்பேர் கம்பெனி ஒன்றில் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். மறுநாள் காலை ஆன்லைனில் நேர்காணல். நடுவில் திரை அணைந்தால் வேலையும் போச்சு.

வடிவு பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக்கல்லாய்க் கொதித்தது. அப்பா சந்தைக்குப் போன நேரம் பார்த்து உறையைக் கழற்றி ஓட்டினாள். மதியம் வரை மக்கர் பண்ணவில்லை. மறுபடி மாட்டினாள், அணைந்தது.

"அப்பா, உள்ளே காத்து போக வழியில்லாம சூடேறித்தான் அணையுது. உறையை எடுத்தாப் போதும்."

"எடுத்தா தூசி படியும், யாரு துடைக்கிறது? பெரிய கண்டுபிடிப்பு! விஷயம் தெரிஞ்சவரை வரச் சொல்லியிருக்கேன். நீ சும்மா இரு."



விஷயம் தெரிந்தவர் நரி. டை கட்டி வந்தார். உறையைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கும் விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை உடனே சொல்கிறவன் பிழைக்கத் தெரியாதவன் அல்லவா? ஆகவே கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார்.

"எத்தனை நாளா இப்படி?"

"வாங்கினதுலேர்ந்துங்க," என்றார் சடையப்பர், கைகட்டி.

"நல்லவேளை கூப்பிட்டீங்க. வைரஸ் உறையில ஏறியிருக்கு. லேப்ல வச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் மேல எதையும் போட்டு மூடிடாதீங்க, பரவிடும்."

உறையும் ஒரு குடம் தேனுமாக நரி கிளம்பினார். கம்ப்யூட்டர் ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது.

"பார்த்தியா? படிச்சவன் படிச்சவன்தான்!" என்று சடையப்பர் தொப்பையைத் தடவிக்கொண்டார்.

வடிவு வாசலுக்கு ஓடிப்போய் நரியை மறித்தாள். "சார், நானும் இதைத்தானே சொன்னேன்?"

"நீ இனாமா சொன்னியேம்மா," என்றார் நரி, கனிவோடு.

மறுநாள் திரையில் யானை மேலாளர் கேட்டார்: "ஒரு கம்ப்யூட்டர் அடிக்கடி அணைஞ்சு போகுது. என்ன செய்வீங்க?"

"மேல ஏதாவது மூடியிருக்கான்னு பார்ப்பேன் சார்."

யானையின் முகம் வாடியது. "அவ்வளவுதானா?"

வடிவு ஒரு கணம் யோசித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மூடியிருந்தா, அந்த உறையை லேபுக்கு அனுப்புவேன் சார்."

"எப்ப வேலைக்கு வர்றீங்க?" என்றார் யானை.

நீதி: உறையை எடு என்று சொன்னால் வீட்டுப் பிள்ளை, உறையையே எடுத்துக்கொண்டு போனால் நிபுணர்.