திருந்தத் தகுதியற்றவள்

மரகதவேலி நாட்டு மன்னர் இளங்குமணன் நல்லவர். புள்ளிவிவரத்தைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுவார், அது ஒன்றுதான் குறை. தவறு செய்த பிள்ளைகளை அடைத்துவைக்கும் சீர்திருத்தக் கூடங்கள் ஒழுகுகின்றன என்று குடிகள் முறையிட்டார்கள். மன்னர் கூரையைப் பற்றிக் கேட்கவில்லை.

"மாதாமாதம் நூற்றுக்கு எத்தனை பேர் திருந்தினார்கள்? கணக்கு வரட்டும். முதலிடத்துக்குத் தங்கக் கேடயம்!" என்று ஆணையிட்டார்.

தலைநகர்க் கூடத்தின் கண்காணிப்பாளர் பரிமேலப்பருக்குக் கடைசி இடம். அவர் தாடையைத் தடவி யோசித்து, மன்னரிடம் போய்ப் பணிவாகச் சொன்னார்: "அரசே, குறை கூடத்தில் இல்லை. திருந்தக்கூடிய பிள்ளைகளாக அனுப்பினால் அல்லவா திருத்த முடியும்?"

மன்னருக்கு அது நியாயமாகவே பட்டது.

மறுநாளே திருடிய, மண்டையை உடைத்த பிள்ளைகளுக்கெல்லாம் 'திருந்தத் தகுதியற்றவர்' என்று சான்றிதழ் தந்து வெளியே விட்டார்கள். காவலர்கள் பள்ளி வாசலில் நின்று, நன்னடத்தைப் பரிசு வாங்கிய பிள்ளைகளாகப் பார்த்துப் பிடித்தார்கள். மந்திரிகளின் பிள்ளைகள் ஒருவர்கூடச் சிக்கவில்லை. கூடம் நூற்றுக்கு நூறு வாங்கியது. ஊரில் கோழி, குடம், கொடியில் காய்ந்த வேட்டி எதுவும் தங்கவில்லை.

பிடிபட்டவர்களில் இட்லிக்கடை பவுனம்மாவின் மகள் செங்கமலமும் ஒருத்தி. பவுனம்மா தலைவிரிகோலமாகப் பரிமேலப்பரிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, எம் பொண்ணு ஒரு தப்பும் பண்ணலையே!"

"தெரியும் அம்மா. அதனால்தான் மாதம் தவறாமல் திருந்துகிறாள்."

"திருந்திட்டாள்ல, வீட்டுக்கு அனுப்புங்களேன்."

"அனுப்பிவிட்டு நூற்றுக்கு நூறுக்கு நான் எங்கே போவேன்? தகுதியற்றவர்களை மட்டுமே விடலாம். விதி அப்படி."

அழுது தீர்த்த பவுனம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டு கம்பி வழியே மகளின் காதில் ஏதோ சொன்னாள்.

கேடயம் வழங்க மன்னர் வந்தார். செங்கமலம் மேடையேறி அவர் கிரீடத்தைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு ஓடினாள். பரிமேலப்பர் துரத்திப் பிடித்தார். கிரீடத்தைத் திரும்பப் பறித்த கையோடு, மதிப்பெண் கெடுவதற்குள் சான்றிதழை எழுதி அவளை வெளியே தள்ளினார்.

தாயும் மகளும் கைகோத்து நடந்தார்கள். வழியில் விறகுச் சுமையோடு ஒரு கிழவர் இடறி விழுந்தார். செங்கமலம் பதறி ஓடினாள். பவுனம்மா அவள் கையை இறுகப் பிடித்து இழுத்தாள்.

"இருடி! யாரும் பாக்குறாங்களான்னு பாத்துட்டுத் தூக்கிவிடு."