பிரிக்காத பொட்டலம்

கிழக்குச் சீமையில் புதிதாக ஒரு சர்வகலாசாலை திறந்தார்களாம். வாத்தியார் வேலை, ஆராய்ச்சி வேலை, புத்தகசாலை வேலை, மாணவர் விடுதியில் சோறாக்கும் வேலை எல்லாம் கொட்டிக் கிடக்கிறதாம். வேலை கொடுப்பவர்கள் அங்கே இருந்தார்கள். கேட்கிற கூட்டமோ இங்கே, சேலம் அம்மாபேட்டையில், பூவாக்குச் சாமியார் மடத்து வாசலில்!

எந்த நாற்காலி யாருக்கு என்று சர்வகலாசாலைக்கே தெரியாதாம். சாமியாரின் உத்தியோகக் காளிக்குத்தான் தெரியுமாம். காளியின் காலடியில் இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளை அரளி, மற்றதில் சிவப்பு என்பார் சாமியார். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் வேலை. சிவப்பு வந்தால் தோஷம். ஊர் எல்லை தாண்டக்கூடாது. எடுக்காத பொட்டலம் அப்படியே ஓமகுண்டத்துக்குள் போய்விடும். அது ஆத்தா பங்காம்.

ரயிலடியில் மூட்டை தூக்கும் நான் அன்று மடத்துக்குத் தேங்காய் இறக்கப் போயிருந்தேன். பார்க்கிறேன், முதல் தடவை வந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு. காணிக்கையோடு மறுபடி வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளை. காளிக்குத்தான் என்ன ஞாபகசக்தி!

வரிசையில் குமாரசாமி என்று ஒரு எம்.ஏ. ரசாயன ஆராய்ச்சி வேலைக்குப் போகிறவர். கையில் நெய்க்குடம். அவருக்கு முன்னால் குமாரபாளையத்து அருணகிரி, பக்கத்தில் அவன் மனைவி சௌந்திரம். புத்தகசாலை வேலைக்கு அவனை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் காலை அங்கே நிற்க வேண்டும். மத்தியான ரயிலை விட்டால் வேலை போச்சு.

அருணகிரி எடுத்தான். சிவப்பு.

"தோஷம் கண்ணு! அந்த ரயில்ல ஏறுனா உசுருக்கே ஆபத்து" என்றார் சாமியார். "உன்ற சம்சாரத்தோட காதுத் தோட்டக் கழட்டி ஆத்தாளுக்குச் சாத்து. மூணு வெள்ளிக்கெழம வா, வெள்ளப் பூ தருவா."

"சரிங்க சாமி. நான் போவலீங்க."

சௌந்திரம் பதறினாள். "ஏனுங்க, நீங்க போவாட்டி வேலை நடந்து ஊட்டுக்கு வருமுங்களா?"

"சும்மா இரு புள்ள. ஆத்தாளே சொல்லிப்போட்டா."

"ஆத்தா எங்கீங்க சொன்னா? பூவுதானுங்க சொல்லுச்சு."

சாமியார் மற்றப் பொட்டலத்தைக் குண்டத்தில் போடக் கையை நீட்டினார். அவள் கை முந்திக்கொண்டது.

"இதையும் பிரிச்சுப் பாத்துரலாமுங்க, சாமி."

"ஐயோ, தொடாதே! கண்ணு அவிஞ்சு போயிரும்!"

"அவிஞ்சா என்ர கண்ணுதானுங்களே?"

பிரித்தாள். அதுவும் சிவப்பு.

"வெள்ள எங்கீங்க, சாமி?"

"ஆத்தா... கோவத்துல நெறத்த மாத்திப்போட்டா."

"அப்படீங்களா? காளிக்குப் பொறத்தால துணி போட்டு மூடியிருக்குதே, அதுல என்னங்க?"

துணியை இழுத்தாள். இரண்டு கூடை நிறையப் பொட்டலம். கூட்டமே விழுந்து பிரித்தது. ஒரு கூடை முழுக்கச் சிவப்பு, மறு கூடை முழுக்க வெள்ளை. சாமியார் கொல்லைப்புறமாக ஓடினார். எந்தத் திசையில் ஓடினால் தப்பலாம் என்று காளியிடம் பூக் கேட்க அவருக்கு நேரமில்லை.

எம்.ஏ. மட்டும் நெய்க்குடத்தை இறக்கவில்லை. "இதில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது" என்றார். இருந்ததே! இரண்டு கூடையில் இருந்ததே!

சௌந்திரம் தோடும் காதுமாகப் புருஷனை இழுத்துக்கொண்டு ரயிலடிக்கு ஓடினாள். அவன் பெட்டியை நான்தான் ஏற்றினேன். வேலை கிடைத்ததா என்கிறீர்களா? அது அங்கே கேட்ட கேள்விக்கு அவன் சொன்ன பதிலைப் பொறுத்தது. அரளிக்கு அதில் என்ன வேலை?

ஆராய்ச்சி வேலைக்கு அத்தனை பேர் வந்தார்கள். கண்ணெதிரே கிடந்த பொட்டலத்தை ஆராய ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐயா படித்தவர்களே, உலகத்தை அப்புறம் ஆராயலாம். முதலில் அந்த இன்னொரு பொட்டலத்தைப் பிரியுங்கள்!