கன்சோலுக்குள் ஒரு குருவி

நூல்கண்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பியவள், தையல் அறைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருப்பதைப் பார்த்ததும் பையை அப்படியே கீழே போட்டாள். உள்ளே அவள் கணவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மடியில் அந்தக் கறுப்புப் பெட்டி. பிரசவ அறைக்கு வெளியே குழந்தையை வாங்கிக்கொண்ட தகப்பனைப் போல ஒரு கையால் அடியைத் தாங்கி, மறு கையால் அதன் வளைந்த முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

"அதைத் தொடாதீங்க!"

"தொட்டு ரொம்ப நேரமாச்சு," என்றான். கண்ணில் நீர் தளும்பியது. "என்கிட்ட போய் ஏன்மா மறைச்ச?"

மறைக்காமல் என்ன செய்வாள்? அவள் கண்காட்சி மண்டபத்து மேடைகளுக்குத் திரையும் உறையும் தைப்பவள். அங்கே எல்லோருக்கும் அவள் 'திரையக்கா'. நாளைக் காலை அந்த மண்டபத்தில் வீடியோ கேம் கண்காட்சி தொடங்குகிறது. ஒரு பெரிய கம்பெனி பல வருஷம் கழித்துக் கொண்டுவரும் புதுக் கன்சோலை, அதாவது கேம் ஆடும் பெட்டியை, மேடையில் வைத்து, மேலே போர்த்திய வெல்வெட்டை ஒரே இழுப்பில் உருவிக் காட்டப் போகிறது. அந்த வெல்வெட் உறைதான் திரையக்காவின் வேலை. எந்த மூலையிலும் மாட்டாமல் தண்ணீர் வழிகிற மாதிரி வழிய வேண்டும். அளவு பார்ப்பதற்காக ஒரு மர மாதிரியைக் கொடுத்து, யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியமும் வாங்கியிருந்தார்கள்.

அவளுக்கு வேலை பிடித்துக் கொடுத்த மேடை மேஸ்திரி கூடுதலாக ஒன்று சொல்லியிருந்தார். "இது வெளிய போச்சுன்னா, அப்புறம் அந்த ஹால்ல உன் ஊசியும் நுழையாது, என் தலையும் நுழையாது. பாத்துக்கம்மா."

ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் மறைத்துவிடலாம். வீட்டில் இருப்பவர்தான் சிக்கல். அவள் கணவன் பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். மற்ற நேரத்தில் கேம் ரசிகர்களின் கூட்டத்தில் 'கட்டைவிரலார்' என்று மரியாதையாக அழைக்கப்படுபவன். புதுக் கன்சோல் நிற்குமா படுக்குமா, கறுப்பா வெள்ளையா என்று மாதக்கணக்காக ஜாதகம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. திரையக்காவின் வாயில் எப்போதும் குண்டூசிகள் இருந்ததால் இத்தனை நாள் தப்பித்தாள்.

"இது வெறும் மரம்ங்க. மாதிரி. உள்ள ஒண்ணுமில்ல."

"அதான் இவ்வளவு லேசா இருக்கா!" அவன் மெல்ல ஆட்டிப் பார்த்தான். "அப்போ நிஜம் எவ்வளவு லேசா இருக்கணும்னு யோசிச்சுப் பாரு. எல்லாத்தையும் சுருக்கிட்டான் பாவி!"

அவள் பெட்டியைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள். "யார்கிட்டயாவது வாயைத் திறந்தீங்க…"

"சத்தியமா இல்ல. வாயே திறக்கல." சற்றுத் தயங்கினான். "ஒரு போட்டோ மட்டும் எடுத்தேன். நான் பாத்துக்கறதுக்கு."

"சரி, அதை அழிங்க."

"அழிச்சிடலாம். டாக்டருக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கேன்."

"எப்போ?"

"நீ மாடிப்படி ஏறிட்டு இருந்தப்போ."

திரையக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். டாக்டர் என்றால் பல் டாக்டர், ரசிகர் மன்றத்தின் தலைவர். ஊரார் வாயைத் திறக்க வைப்பதில் கெட்டிக்காரர். தன் வாயை மூடுவது அவருக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரப்படவில்லை.

தேநீர் கொதிப்பதற்குள் கணவனின் போன் துள்ள ஆரம்பித்தது. டாக்டர் ஒரே ஒருவருக்கு அனுப்பியிருந்தார். அந்த ஒருவர் ஒரே ஒரு குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

"இப்பவே மறுப்புப் போடுங்க," என்றாள். "அது கன்சோல் இல்லைன்னு சொல்லுங்க."

போட்டான். அவ்வளவுதான், நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. இல்லை என்று இவ்வளவு பதறுகிறானே, அப்படியானால் உண்மைதான் என்று ஊரே முடிவுகட்டியது. படத்தின் ஓரத்தில் தெரிந்த பூப்போட்ட ஜன்னல் திரையை வைத்து இது கட்டைவிரலார் வீடுதான் என்று இன்னொருவர் கண்டுபிடித்தார்.

டாக்டரே போன் செய்தார். "கட்டைவிரலாரே, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம ஆளுங்க கொஞ்ச பேரு உங்க வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க."

"கொஞ்ச பேருன்னா?"

"பஸ் பிடிக்கறாங்க. பஸ்ல இடம் இல்லையாம்."

அந்த நேரம் பார்த்து மேஸ்திரியும் அழைத்தார். திரையக்கா போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

"என்னம்மா, ஏதோ போட்டோ சுத்துதாமே? கம்பெனிக்காரர் முகத்துல ஈயாடல. உன்னோடதா?"

"என்னோடதா இருக்குமா அண்ணே?" என்றாள். பொய் சொல்லவில்லை, கேள்விதானே கேட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

அவள் போனை வைக்கும்போது தையல் அறையிலிருந்து 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். கணவன் கையில் துளைபோடும் மெஷின். பெட்டியின் முகத்தில், நட்ட நடுவில், வட்டமாக ஒரு ஓட்டை. தரையெல்லாம் மரத்தூள்.

"கடவுளே! என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"பதறாதே. 'அது என் பொண்டாட்டி செஞ்ச குருவிக்கூடு'ன்னு போட்டேன். எல்லாரும் நம்பற மாதிரி வந்துட்டாங்க. ஒருத்தன் மட்டும், 'அப்போ குருவி எது வழியா உள்ள போகும்?'னு கேட்டான். கேட்டது நியாயம்தானே?"

அவளுக்கு அழுகை வரவில்லை. அழவும் தெம்பு வேண்டுமே. அவன் பெட்டியைத் தூக்கிப்போய் பால்கனிக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். தெருவில் ஒரு கூட்டம் அண்ணாந்து நின்றது. "வளைஞ்ச முதுகைப் பாருடா!" என்று ஒருவன் கத்தினான். "காத்து போறதுக்கு ஓட்டை! சூடே ஆகாது!" என்றான் மற்றவன்.

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு குருவி வந்தது. பெட்டியின்மேல் உட்கார்ந்தது. தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, வீடு பார்க்க வந்த வாடகைக்காரர் போல ஒரு நோட்டம் விட்டது. பிறகு சட்டென்று ஓட்டைக்குள் புகுந்தது.

தெருவில் சத்தம் அடங்கியது.

"அட, குருவிக்கூடுதான்டா!"

"இதுக்கா லீவு போட்டுட்டு வந்தேன்?"

கூட்டம் கலைந்தது. கணவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். "பாத்தியா? நான் இருக்கறப்போ நீ ஏன் கவலைப்படற?"

திரையக்கா மூச்சை முழுதாக விட்டு முடிக்கவில்லை. போன் மறுபடி அடித்தது. மேஸ்திரி.

"அம்மா, கம்பெனிக்காரருக்கு யார்மேலயும் நம்பிக்கை இல்ல. உறையையும் மாதிரியையும் உடனே கொண்டுவரச் சொல்றாரு. சாயங்காலத்துக்குள்ள மேடைக்கு வந்தாகணும்."

பெட்டியைக் கழற்றி உள்ளே கொண்டுவந்தார்கள். குருவி வெளியே வருவதாக இல்லை. தட்டினார்கள். சாய்த்தார்கள். ஓட்டையருகே பிஸ்கட்டைத் தூளாக்கி வைத்தார்கள்; அலகை மட்டும் நீட்டிக் கொத்திவிட்டு மறுபடி உள்ளே போனது. மன்னிப்புக் கேட்க நேரில் வந்திருந்த பல் டாக்டர், சட்டைப்பையிலிருந்து தன் குட்டிக் கண்ணாடியை எடுத்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

"முட்டை எதுவும் இல்ல. ஆரோக்கியமா இருக்கு."

"டாக்டர், அதுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு யார் கேட்டா?" என்று சீறினாள் திரையக்கா. "எனக்கு இந்த ஓட்டையை அடைக்கணும்!"

டாக்டரின் முகம் சட்டென்று தொழில்முகமானது. "தங்கச்சி, இவ்வளவு நேரம் அதை ஏன் சொல்லல? காலையிலேருந்து நான் வேற என்ன பண்றேன்?"

குருவி தன் விருப்பத்துக்கு, தன் நேரத்துக்கு வெளியே வந்து பறந்தது. பெட்டியை வெல்வெட் உறையில் சுற்றிக்கொண்டு மூன்று பேரும் டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினார்கள். தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்த ஒரு பெரியவர், நோயாளி நாற்காலியில் மூட்டையாக ஏதோ படுக்க வைக்கப்படுவதைப் பார்த்துக் கவலைப்பட்டார்.

"ரொம்ப மோசமா?"

"கடைவாய்," என்று சொல்லிவிட்டு டாக்டர் கதவைச் சாத்தினார்.

உள்பக்கம் அட்டை வைத்து, கையிருப்பிலிருந்த பல் சிமெண்ட்டையெல்லாம் குழைத்து அடைத்தார். நீல விளக்குக் காட்டி இறுக வைத்தார். ராவினார், தேய்த்தார், மெருகேற்றினார். நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண்ணில் பெருமை மின்னியது. விரலால் தடவினால் ஓட்டை இருந்த சுவடே தெரியவில்லை. கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. கறுப்புப் பெட்டியின் நடுவே, முழு நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

"கறுப்புல சிமெண்ட் கிடையாதா?" என்றாள் திரையக்கா.

"கறுப்புப் பல்லு வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே, தங்கச்சி."

மை பேனாவால் தீட்டிப் பார்த்தாள். வழித்துக்கொண்டு வந்துவிட்டது. "மெருகு போட்டிருக்கேன்ல, எதுவும் ஒட்டாது. ஆயுசுக்கும் கறை பிடிக்காது," என்றார் டாக்டர் ஆறுதலாக.

மண்டபத்துக்குப் போகும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை அவள் மனப்பாடம் செய்தாள். கம்பெனிக்காரர் காலில் விழுவது என்றுகூட முடிவாகிவிட்டது. ஆனால் மேடைப் பின்பக்கத்தில் அவர் இரண்டு போன்களில் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் ஒரு போனைப் பொத்தினார்.

"உறை சரியா உட்காருதா?"

"உட்காருது சார். ஆனா அந்த மாதிரில ஒரு சின்ன…"

"பிரிக்காதீங்க! யாரும் பிரிக்கக் கூடாது. அப்படியே கொடுங்க." காதில் மைக் மாட்டியிருந்த உதவிப் பெண்ணிடம் தலையை அசைத்தார். அந்தப் பெண் மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மேஸ்திரி திரையக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"வேலை முடிஞ்சதும்மா. கிளம்பு."

"மாதிரி எங்கண்ணே போகும்?"

"குடோனுக்குத்தான். நிஜம் வந்தப்புறம் மாதிரியை யார் பாக்கப் போறா?"

அந்த வார்த்தை அவளுக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை மண்டபத்தில் எள் விழ இடமில்லை. கணவனும் டாக்டரும் முன்வரிசையைப் பிடித்துவிட்டார்கள். திரையக்கா மேடைக்குப் பக்கவாட்டில், இருட்டில், மேஸ்திரியோடு நின்றாள். உறை எங்கேயாவது மாட்டிக்கொள்ளுமோ என்று அவளுக்கு அது ஒன்றுதான் பயம்.

விளக்குகள் அணைந்தன. ஆயிரம் பேர் மூச்சை அடக்கும் சத்தம் கேட்டது. கம்பெனிக்காரர் புன்னகையோடு வெல்வெட்டின் நுனியைப் பிடித்து இழுத்தார். உறை தண்ணீராக வழிந்தது. ஒரு மூலையிலும் மாட்டவில்லை. மேஸ்திரி, "சபாஷ்!" என்றார்.

ஒளிவெள்ளத்தில், கறுப்புப் பெட்டியின் நட்ட நடுவில், வெள்ளை வட்டம் பளீரென்று சிரித்தது.

திரையக்கா மேஸ்திரியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். மாற்றி வைத்துவிட்டார்கள்! நிஜம் குடோனில், மாதிரி மேடையில்!

மேடையில் கம்பெனிக்காரரின் புன்னகை முகத்திலேயே உறைந்துபோயிருந்தது. தன் வீட்டுக்குள் குருவி கூடு கட்டியிருப்பதைப் பார்த்தவர் போல அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்.

"அந்த வட்டம் என்ன?"

கம்பெனிக்காரர் எச்சில் விழுங்கினார். அது மைக்கில் கேட்டது. "அதுதான்," என்றார் மெதுவாக, "அதுதான்… நாங்க இப்போ சொல்ல மாட்டோம்."

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஆரவாரம் எழுந்தது. "வட்டம்! வட்டம்!" என்று மண்டபமே குதித்தது. அதை அழுத்தினால் பேசுமா, பார்த்தால் கண் சிமிட்டுமா என்று அங்கேயே கட்சி பிரிந்து சண்டை மூண்டது. முன்வரிசையில் பல் டாக்டர் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். "என் ஃபில்லிங்…" என்று அவர் ஆரம்பிக்க, திரையக்காவின் கணவன் அவர் வாயைப் பொத்தினான். அந்த வாயை ஒருவர் மூடிப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

திரையக்காவால் தாங்க முடியவில்லை. எத்தனை நாளைக்கு இந்தப் பாரத்தைச் சுமப்பது? வேலை போனால் போகட்டும். மேஸ்திரி கையை உதறிவிட்டு மேடைப் பின்பக்கம் ஓடினாள். காதில் மைக் மாட்டிய அந்தப் பெண் எதிரே வந்தாள்.

"தப்பு நடந்துபோச்சும்மா," என்று மூச்சுவாங்கினாள் திரையக்கா. "மேடையில இருக்கறது மாதிரி. அந்த வட்டம் எங்க வீட்டுக்காரர் பண்ண வேலை. சீக்கிரம் குடோன்லேருந்து நிஜத்தை எடுத்துட்டு வந்து வைக்கச் சொல்லும்மா!"

அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மைக்கைக் கையால் மூடிக்கொண்டு திரையக்காவின் காதருகே குனிந்தாள்.

"அந்த வட்டத்தை அழுத்தினா என்ன ஆகணும்னு உங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்லுங்கக்கா, இனிமேதான் நாங்க மெஷினையே செய்யணும்."