யாரையும் வெளியேற்றாத ஷெரீஃப்

பதவிச் சின்னமான நட்சத்திரத்தை எங்கே குத்துவது என்பதுதான் அன்று காலை ஷெரீஃப் லாயிட் பெரெல்லிக்கு முதல் பிரச்சினை. கோட்டின் இடது மார்பில் 'வீடு நம் உரிமை' என்ற பேட்ஜ். அதற்குக் கீழே 'திமிங்கிலத்தைக் காப்போம்'. வலது பக்கம் சைக்கிள் பாதைப் போராட்டமும் நர்சுகள் வேலைநிறுத்தமும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"திமிங்கிலத்தை எடுத்திடுங்க சார், அது கோவிச்சுக்காது" என்றார் துணை ஷெரீஃப் பெர்னிஸ் டாலிவர்.

பெர்னிஸ் அந்த ஆபீஸில் நாலு ஷெரீஃப்களைப் பார்த்தவர். ஐந்தாவதாக இவர் வந்து வாய்த்திருந்தார்.

"இன்னிக்குப் புதன்கிழமை" என்று நினைவூட்டினார் பெர்னிஸ்.

லாயிட் மேஜைக் காலண்டரைக் கவிழ்த்து வைத்தார். கோர்ட் உத்தரவு போட்ட பிறகும் வீட்டைக் காலி செய்யாதவர்களை ஷெரீஃப் ஆட்கள் போய் வெளியேற்றுவது அந்த ஊரில் புதன்கிழமைகளில்தான்.

இத்தனைக்கும் லாயிட் ஏழைபாழைகளின் ஆள். தொடர்ந்து மூன்று தடவை நகரசபைக்கு ஜெயித்தவர். பிளாஸ்டிக் பையை ஒழித்தவர், புல்டோசருக்கு முன்னால் படுத்தவர். நாலாவது தடவையும் ஜெயித்திருப்பார். ஒருவரே மூன்று முறைக்கு மேல் நிற்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்ததும் அவர்தான்.

சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர். அந்த நேரம் பார்த்து ஷெரீஃப் தேர்தல் வந்தது. சிறை ஷெரீஃபின் கையில்தானே இருக்கிறது, கைதிகளுக்கு நல்ல சாப்பாடு போடலாம், கவிதை வகுப்பு வைக்கலாம் என்று நின்றார். "நான் ஷெரீஃபா இருக்கிற வரைக்கும் இந்த ஊர்ல ஒரு ஆளைக்கூட வீட்டை விட்டு வெளியேத்த மாட்டேன்!" என்று மேடைக்கு மேடை முழங்கினார். ஜனங்கள் கை வலிக்கத் தட்டினார்கள், ஓட்டும் போட்டார்கள். கோர்ட் சொன்னால் ஷெரீஃப் மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பதை ஜெயித்த பிறகு பெர்னிஸ்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"லார்ச் தெரு, மூணாவது மாடி, அவுரேலியோ பகானி" என்றார் பெர்னிஸ். "கப்பல்ல சமையல்காரரா இருந்து ரிட்டையர் ஆனவர். போன புதன் தள்ளிப் போட்டீங்க. அதுக்கு முந்தின புதனும் தள்ளிப் போட்டீங்க. நீதிபதி அம்மா இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும்தான் பொறுப்பாங்களாம். அப்புறம் கோர்ட்டை அவமதிச்சதா உங்களை உள்ள தள்ளிடுவாங்க."

"எந்த ஜெயில்ல?"

"நம்ம ஜெயில்லதான் சார். கவலைப்படாதீங்க, சாவி என்கிட்டதான் இருக்கும்."

லார்ச் தெருவுக்குள் கார் நுழையும்போதே மேளச் சத்தம் கேட்டது. வாடகைதாரர் சங்கம் வாசற்படியை அடைத்து உட்கார்ந்திருந்தது. சங்கத்தை ஆரம்பித்தவர் லாயிட். கைகோத்து எப்படி உட்கார வேண்டும், மேளத்தை எந்த வேகத்தில் அடிக்க வேண்டும் என்றெல்லாம் வகுப்பு எடுத்தவரும் அவரே. தெருவில் ஒரு வேனையும் நிற்க விடாதே, யார் வந்து என்ன சொன்னாலும் காதில் வாங்காதே என்பது அவருடைய முதல் பாடம்.

தலைவி ட்ரூடி ஹான்லன் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்டா நீ வருவேன்னு! பதவி கிடைச்சதும் மாறிட்டான் மாறிட்டான்னு சொன்னானுங்களே, இப்ப வந்து பாக்கச் சொல்லு!"

"ட்ரூடி, நான் ஒரு வேலையா வந்திருக்கேன்…"

"இதைவிட வேலை வேற என்னப்பா இருக்கு?" என்று மைக்கை அவர் கையில் திணித்தாள்.

லாயிட் தொண்டையைச் செருமினார். கூட்டத்தை மெல்லக் கலைத்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தார். "தோழர்களே, நான் சட்டப்படி நடக்க வேண்டியவன்…" என்பதற்குள் "சட்டம் நம்ம பக்கம்!" என்று ஒரு குரல் எழும்பியது. மேளம் காதைப் பிளந்தது. பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது. மெலிந்த, நரைத்த மனிதர் ஒருவர் எட்டிப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டி ஏதோ கத்தினார். மேளத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

"பகானி தாத்தா வாழ்க!" என்றது கூட்டம்.

தாத்தா உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்து, கயிற்றில் ஓர் அட்டைப்பெட்டியைக் கட்டிக் கீழே இறக்கினார். பிரித்துப் பார்த்தால் அலுமினியப் பானைகள், கரண்டிகள், ஒரு பெரிய வறுவல் சட்டி.

"நாம தட்டுறதுக்கு அனுப்பியிருக்காரு!" என்று ட்ரூடிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆளுக்கொரு பானையை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை அடித்த மேளம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது.

அடுத்த பெட்டியில் கம்பளிகள் வந்தன. பனிமூட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்தவர்கள் போர்த்திக்கொண்டார்கள்.

"என்ன மனசுய்யா இந்த மனுஷனுக்கு! தன் போர்வையையே குடுத்திட்டாரு" என்றார் ஒருவர்.

லாயிடுக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. இப்படிப்பட்ட ஆத்மாவையா நான் தெருவில் நிறுத்தப்போகிறேன்? சரி, வலுக்கட்டாயம் வேண்டாம், நேரில் பேசிப் பார்ப்போம், ஒரு வாரம் ஹோட்டலில் தங்கச் சொல்வோம், வெளியேற்றிய மாதிரியும் இருக்கும் வெளியேற்றாத மாதிரியும் இருக்கும் என்று ஒரு யோசனை பிறந்தது. வாசல் வழியாகப் போக முடியாது. கொல்லைப்பக்கம் போய், குப்பைத் தொட்டி மேல் ஏறி, தீ விபத்துக்கென்று வைத்திருந்த இரும்பு ஏணியைப் பிடித்தார். ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது.

"அங்க பாருங்க! பின்பக்கத்தை யாருமே மறிக்கலை, லாயிட் தனியாளா ஏறி மறிக்கிறாரு!" என்றது கீழே ஒரு குரல்.

திபுதிபுவென்று கால்சத்தம். யாரோ கீழிருந்து அவர் கணுக்காலைப் பாசத்தோடு பிடித்தார்கள். குளிர்ந்த இரும்பு ஒன்று உரசியது. க்ளிக்.

"என்னய்யா பண்றீங்க?"

"சைக்கிள் பூட்டு தோழரே! நீங்க சொல்லிக்குடுத்ததுதானே? இனிமே உங்களை எவனும் இழுத்துட்டுப் போக முடியாது."

"சாவி எங்க?"

"அதுவும் நீங்க சொன்னபடிதான். ஊரை விட்டே, பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்பியாச்சு."

ஆட்கள் திருப்தியோடு வாசலுக்குத் திரும்பினார்கள். பெர்னிஸ் ஏணிக்கு அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"வண்டியில கட்டர் இருக்கா பெர்னிஸ்?"

"போராட்டம் நடக்கிற இடத்துக்குக் கட்டர் கொண்டுபோகக் கூடாதுன்னு நகரசபைத் தீர்மானம் இருக்கு சார்."

"அதை எந்த மடையன் கொண்டுவந்தான்?"

பெர்னிஸ் பெயரைச் சொல்லாமல் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மரியாதை தெரிந்தவர்.

மதியமும் போயிற்று. ட்ரூடி யாரிடமோ கொடுத்தனுப்பிய, பீன்ஸ் வைத்துச் சுருட்டிய பரீட்டோ ரொட்டியை ஏணியில் தொங்கியபடியே தின்றார். பீன்ஸ் சட்டையில் வழிந்தது. சாயங்காலம் பெர்னிஸ் போனோடு வந்தார்.

"நீதிபதி அம்மா லைன்ல இருக்காங்க சார். உங்களைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டுப் பூட்டிட்டாங்கன்னு நடந்ததைச் சொல்லட்டுமா? சொன்னா ஜெயில் இல்ல."

லாயிட் யோசித்தார். உண்மையைச் சொன்னால் தப்பிக்கலாம். ஆனால் லாயிட் பெரெல்லி ஒரு கிழவரை வெளியேற்றத்தான் வந்தார் என்று நாளைக் காலை ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? இத்தனை வருடம் சேர்த்தது அந்த ஒரு பெயர்தான். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பானைச் சத்தம் காதில் விழ விழ, ஷெரீஃப் ஆன பிறகு முதல்முறையாக நெஞ்சு லேசானது போலிருந்தது.

"வெளியேத்த மாட்டேன்னு நானேதான் பூட்டிக்கிட்டேன்னு சொல்லிடுங்க."

"நிஜமாவா சார்?"

"சொல்லுங்க பெர்னிஸ்."

ஐந்து நாள் சிறை கிடைத்தது. சாவி பாலம் தாண்டி வந்து சேர்ந்ததும் பெர்னிஸே காரில் ஏற்றி, தலை இடிக்காமல் கையை வைத்து, ஜெயிலுக்குக் கூட்டிப்போனார். வழிநெடுக ஜனங்கள் கையசைத்தார்கள். மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் அவர் ஏணியில் தொங்கும் படம் வந்தது. அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கவிருந்த ஆள் விலகிக்கொண்டதாகவும் செய்தி.

ஒரே கஷ்டம் சாப்பாடுதான். கைதிகளின் ஆரோக்கியத்துக்காக உப்பில்லாத பயறு சூப் என்று லாயிட்தான் போன மாதம் மாற்றியிருந்தார்.

"இதுல கொஞ்சம் உப்புப் போடச் சொல்லி ஒரு உத்தரவு போடட்டுமா?" என்று கேட்டார்.

"உள்ள இருக்கிறவங்க உத்தரவு போட முடியாது சார்" என்றார் பெர்னிஸ். "சாப்பிட்டுட்டு வாங்க, கவிதை வகுப்புக்கு நேரமாச்சு."

மூன்றாம் நாள் பார்வையாளர் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பகானி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லாயிட் எதிரே உட்கார்ந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் பாவம் என்று போனை எடுத்தார்.

"நன்றியெல்லாம் எதுக்குங்க பெரியவரே. நான் என் கடமையைத்தான் செஞ்சேன். வீட்டுலதானே இருக்கீங்க? யாரும் தொந்தரவு பண்ணலையே?"

"வீட்டுலதான் இருக்கேன் சார்" என்றார் பகானி. குரல் கம்மியிருந்தது. "வெறும் தரையில படுக்கிறேன். சமைக்கப் பானை இல்ல."

"எல்லாத்தையும் போராட்டத்துக்கே குடுத்திட்டீங்களே! உங்களை மாதிரி ஆளுங்களாலதான் இந்த ஊரு…"

"குடுக்கலை சார், சாமான் இறக்கினேன்." பகானி கண்ணாடிக்கு அருகில் குனிந்தார். "என் பொண்ணு ஸ்டாக்டன் ஊர்ல, அவ வீட்டுல எனக்குன்னு ரூம் ஒதுக்கி வச்சிருக்கா, மாடிப்படியே கிடையாது. ஒவ்வொரு புதன்கிழமையும் வேனை எடுத்துட்டு வர்றா, உங்க ஆளுங்க தெருமுனையிலயே திருப்பி அனுப்பிடுறாங்க. நான் போறேன்னு சொன்னா, 'பயத்துல பேசுறீங்க தாத்தா'ன்னு கட்டிப் பிடிச்சி அழுறாங்க. உங்க ஆபீசுக்குப் போன் போட்டா, 'தைரியமா இருங்க, ஷெரீஃப் உங்க பக்கம்'னு வச்சிடுறாங்க."

லாயிட் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"அப்ப… இப்ப எப்படி வெளிய வந்தீங்க?"

"உங்களைப் பாக்கப் போறேன்னு சொன்னேன், உடனே வழி விட்டாங்க. திரும்பப் பத்திரமாக் கொண்டுபோய் விடணும்னு அந்த அம்மா ட்ரூடி வாசல்லயே நிக்கிறாங்க." பெரியவர் தொப்பியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். "ஊர்ல வேற யார்கிட்ட சார் நான் போவேன்? நீங்கதானே ஷெரீஃப், தயவு பண்ணி என்னை வீட்டை விட்டு வெளியேத்துங்க!"